கடல் தாண்டிய தொப்புள்கொடி ரத்தம்

பிள்ளை பிறந்து தொப்புள்கொடியை வெட்டிய பிறகும் நஞ்சுக்கொடியில் கொஞ்சம் ரத்தம் தங்கியிருக்கும். நூறு மில்லி தேறினாலே அதிகம். பிரசவ வார்டுகளில் அது காலங்காலமாகக் குப்பைக்குத்தான் போனது. 1988-இல் அமெரிக்காவில் பிறந்த ஒரு பெண் குழந்தையின் கொடி ரத்தத்துக்கு வேறு வழி வாய்த்தது. இண்டியானாபோலிஸ் நகரத்துக்குப் போய் உறைந்து, விமானம் ஏறிப் பாரிஸ் சேர்ந்து, அவளுடைய ஐந்து வயது அண்ணனின் நரம்பில் ஏறியது.

அண்ணன் வட கரோலினாவைச் சேர்ந்தவன். அவனுக்கு வந்திருந்தது ஃபான்கோனி ரத்தசோகை. டி.என்.ஏ.வில் ஏற்படும் சேதத்தை உயிரணு தானே சரிசெய்துகொள்ளும் திறன் பிறவியிலேயே கெட்டுப்போன நோய் அது. எலும்பு மஜ்ஜை சிறுகச் சிறுக ரத்தம் உண்டாக்குவதை நிறுத்திவிடும். மஜ்ஜையை மாற்றினால் ரத்தம் ஊறும். ஆனால் புது மஜ்ஜைக்கு இடம் ஒழிக்கக் கொடுக்கும் மருந்தே டி.என்.ஏ.வைத் தாக்கும் மருந்து. வழக்கமான அளவில் கொடுத்தால் இந்தக் குழந்தைகள் தாங்க மாட்டார்கள். பாரிஸில் செயின்ட் லூயி மருத்துவமனையின் எலியான் குளுக்மன் இதற்கொரு வழி கண்டிருந்தார். வழக்கமாக உடல் எடையில் கிலோவுக்கு 200 மில்லிகிராம் கொடுக்கும் சைக்ளோபாஸ்ஃபமைடு என்ற அந்த மருந்தை 20 மில்லிகிராமாகக் குறைத்து, கூடவே குறைந்த அளவு கதிர்வீச்சு கொடுத்தார். பல குழந்தைகள் பிழைத்தார்கள். அந்தச் சிறுவனைக் கடல் கடந்து பாரிஸுக்கு அழைத்துப்போனது இதற்காகத்தான்.

தாய் மறுபடி கர்ப்பமானபோது, நியூயார்க் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் ஆர்லீன் ஆவர்பாக் வயிற்றிலிருந்த சிசுவைச் சோதித்தார். சிசுவுக்கு நோய் இல்லை. திசுவும் அண்ணனுக்குப் பொருந்தியது.

இனி இண்டியானாபோலிஸ். ஹால் பிராக்ஸ்மையர் அங்கே இண்டியானா பல்கலைக்கழகத்தில் ரத்த அணுக்களின் பிறப்பை ஆராய்ந்தவர். மஜ்ஜையில் இருந்து ரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல் என்ற மூல உயிரணு தொப்புள்கொடி ரத்தத்திலும் உண்டு என்பது தெரிந்த செய்திதான். ஒரு குழந்தையைக் காப்பாற்றுகிற அளவுக்கு அது இருக்கிறதா, பயணத்தைத் தாங்குமா என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. நியூயார்க்கில் பிரசவம் பார்த்த மருத்துவர்கள் கொடி ரத்தத்தைப் புட்டிகளில் பிடித்து இரவோடு இரவாகப் பார்சலில் அவருக்கு அனுப்பினார்கள். அவர் ஒவ்வொன்றையும் தட்டில் வளர்த்து எண்ணினார். ஐஸ் வைக்காமல் அறைச் சூட்டில் வந்தாலும் இரண்டு மூன்று நாள் வரை அணுக்கள் உயிரோடிருந்தன. இன்னொன்றும் தெரிந்தது: சிவப்பணுவைப் பிரித்துச் சுத்தம் செய்யப் போனால், வேண்டிய அணுக்களும் சேர்ந்தே போய்விடுகின்றன. பிரிக்க வேண்டாம், கழுவ வேண்டாம், வந்தபடியே உறைய வைப்போம் என்று முடிவெடுத்தார். இந்தப் பயணத்தில் என்னை மிகவும் கவர்ந்த இடம் இதுதான். கைவைக்காமல் விடுவதற்கும் இத்தனை பார்சல்களை எண்ணிப் பார்க்கும் பொறுமை வேண்டியிருந்தது.

தங்கையின் ரத்தம் டி.எம்.எஸ்.ஓ. என்ற திரவத்தோடு கலந்து உறைந்தது. அது இல்லாவிட்டால் பனிக்கட்டி முனைகள் அணுக்களைக் குத்திக் கிழித்துவிடும். மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜன் அதைக் காத்தது. பாரிஸுக்கு அனுப்பும் வேளை வந்ததும் பிராக்ஸ்மையர் வேறு யாரிடமும் கொடுக்காமல், குளிர் கலத்தில் வைத்துத் தானே எடுத்துக்கொண்டு விமானம் ஏறினார். வழியில் அது உருகிப்போனால் மாற்றுப் பை கிடையாது.

அந்த ரத்தம் சிறுவனுக்கு ஏறிய நாள் 1988 அக்டோபர் 6. ஸ்டெம் செல் மாற்று என்றதும் ஆபரேஷன் தியேட்டரை நினைத்துக்கொள்கிறோம், ஆனால் கத்தியே கிடையாது. உறைந்த ரத்தத்தை உடல் சூட்டு வெந்நீரில் வைத்து உருக்குவார்கள். உருகிய பிறகு டி.எம்.எஸ்.ஓ. அணுக்களுக்கே நஞ்சு என்பதால் தாமதிக்க முடியாது; சாதாரண ரத்தம் ஏற்றுவதுபோல நரம்பில் ஏற்றிவிடுவார்கள். ஏறிய கொஞ்ச நேரத்தில் நோயாளியின் மூச்சில் பூண்டு வாடை அடிக்கும். அணுக்கள் ரத்த ஓட்டத்தில் சுற்றி, எலும்புக்குள் தங்கள் இடத்தைத் தாமே கண்டுபிடித்துக்கொள்ளும்.

பிறகு காத்திருப்பு. ஏற்றிய ரத்தம் பிடிக்காமல் போனால் தங்கையிடமே மஜ்ஜை எடுக்கலாம் என்ற வழி கைவசம் இருந்தது. அந்தத் தைரியம் இல்லாமல் இந்தச் சோதனையில் இறங்கியிருந்தால் அது தவறாகியிருக்கும். நல்ல வேளை, பிடித்துக்கொண்டது. சிறுவனின் ரத்த அணுக்களைச் சோதித்தபோது அவற்றில் பெண்ணுக்குரிய குரோமோசோம்கள் இருந்தன. தங்கையின் ரத்தம் அண்ணனுக்குள் ஊறத் தொடங்கிவிட்டது. 1989-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதை வெளியிட்டது. அந்தச் சிறுவன் வளர்ந்து பெரியவனானான்.

அடுத்த கட்டம் உறவு தாண்டியது. பாப்லோ ருபின்ஸ்டீன் நியூயார்க் ரத்த மையத்தில் பொதுமக்கள் தானமாகத் தரும் கொடி ரத்தத்துக்கு வங்கி தொடங்கினார். 1993-இல் டியூக் பல்கலைக்கழகத்தின் ஜோன் குர்ட்ஸ்பெர்க், முன்பின் தெரியாத ஒருவரின் கொடி ரத்தத்தை ஒரு குழந்தைக்கு ஏற்றினார். திசுப் பொருத்தம் கொஞ்சம் குறைந்தாலும் கொடி ரத்தம் அனுசரித்துப்போகும்; நோய் எதிர்ப்புச் சக்தியே இல்லாமல் பிறக்கும் சிசுக்களுக்கு, உடம்பு சிறியது என்பதால், ஒரு பையே போதும். குறையும் உண்டு. அணுக்கள் குறைவு, அதனால் ரத்தம் ஊற நாளாகும். அதுவரை கிருமித் தொற்று அபாயம். பாதிப் பொருத்தமுள்ள அப்பா அம்மாவிடமே மஜ்ஜை எடுக்கும் முறை தேறிவிட்டதால், அண்மைக் காலத்தில் கொடி ரத்தத்தின் தேவை குறைந்திருக்கிறது.

நம் ஊரில் இந்தக் கதையின் பாதியைச் சொல்லித்தான் வியாபாரம் நடக்கிறது. கர்ப்பிணிகளிடம் 'உங்கள் குழந்தையின் ரத்தத்தை அதற்கே சேமித்து வையுங்கள்' என்று துண்டுப் பிரசுரம் நீட்டுகிறார்கள். அந்தச் சிறுவனைப் பிழைக்க வைத்தது அவனுடைய சொந்த ரத்தம் இல்லை, தங்கையின் ரத்தம். பிறவி ரத்தநோய் உள்ள குழந்தையின் கொடி ரத்தத்திலும் அதே பழுதான மரபணுதான் இருக்கும். அதைத் திருப்பி ஏற்றினால் நோயும் திரும்பும். எதிர்காலத்தில் தன் உபயோகத்துக்கென்று சேமிப்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டி நெறிமுறைகள் சொல்கின்றன. தவணை கட்டி அதை வாங்காதீர்கள்.

வீட்டில் மூத்த பிள்ளைக்குத் தலசீமியாவோ பிறவி எதிர்ப்புச்சக்திக் குறைபாடோ இருந்து, தாய் மறுபடி கர்ப்பமாக இருந்தால் நிலைமை வேறு. கூடப்பிறந்தவர்கள் முழுதாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. பிரசவ வலி வரும்வரை காத்திருக்காமல், கர்ப்பம் உறுதியானதுமே ரத்தநோய் மருத்துவரைப் பாருங்கள். பிரசவம் பார்க்கப்போகும் மருத்துவரிடமும் சொல்லி வையுங்கள்.