கண்ணைக் கட்டியது யார்?

1832இல் இலண்டனின் 'சாட்டர்டே மேகசின்', சென்னையில் முதிய அந்தணர் ஒருவர் காற்றில் அமர்ந்துகாட்டிய வித்தையை விவரித்தது. பிற பதிவுகள் அவரைச் சேஷால் என்கின்றன. கனவான்களின் இல்லங்களில், பணம் பெறாமல் அவர் இதை நிகழ்த்தினார். பலகை, பித்தளைக் கிண்ணம், மூங்கில், தோல் ஆகியவை அடங்கிய பையை அவையோருக்குக் காட்டுவார். அவ்வீட்டுப் பணியாளர்களே கம்பளியைத் திரையாகப் பிடிப்பர். திரை விலகுகையில், மூங்கில்மேல் பொருத்திய தாங்கியை ஒரு கை மட்டும் தொட்டிருக்க, தரையிலிருந்து ஏறத்தாழ நான்கடி உயரத்தில் அமர்ந்து மணிமாலை உருட்டுவார். மூங்கிலிலிருந்து ஆடைக்குள் சென்ற மறைவான எஃகுத் தண்டே அவரைத் தாங்கியது என்பது பின்னோர் ஊகம்.

கீழைநாட்டார் மாயத்தை நம்புவோர், மேலைநாட்டார் ஆராய்வோர் என்னும் பகுப்பு இங்கே பொருந்தவில்லை. வீடு பார்வையாளருடையது, திரைபிடித்த கைகளும் அவர்தம் ஏவலுக்குரியவை. வித்தை நிகழ அவர்களது இசைவு வேண்டியிருந்தது. 'கண்கட்டு' என்கிறது தமிழ்; அக்கட்டில் ஒரு முடிச்சு காண்போர் தாமே இட்டது.