படித்து ஆட வேண்டிய பந்தாட்டம்

ஜப்பானின் டெக்மோ நிறுவனம் 1988இல் ஃபேமிகாம் என்ற விளையாட்டுக் கருவிக்காக ‘கேப்டன் சுபாசா’ என்ற கால்பந்து வீடியோ கேமை வெளியிட்டது. தகாஹாஷி யோய்ச்சி 1981இல் தொடங்கிய சித்திரக்கதைதான் அதற்கு மூலம். விரல் வேகத்துக்கு அதில் வேலை குறைவு. பந்து கிடைத்ததும் பாஸ் கொடுக்கவா, கடத்திக்கொண்டு ஓடவா, கோலுக்கு அடிக்கவா என்று திரை கேட்கும். எழுத்துப் புரியாதவருக்கு அங்கே ஆட்டமே இல்லை.

அமெரிக்கப் பதிப்பில் நாயகன் சுபாசாவை ராபின் ஆக்கிவிட்டார்கள். 1990இல் வந்த இரண்டாம் பாகமோ ஜப்பானைத் தாண்டவேயில்லை.

அந்தக் குறையை ரசிகர்களே தீர்த்தார்கள். கூலியில்லாத வேலை, கடுமையானதும்கூட. மூல நிரல் கையில் இருக்காது. கேசட்டிலிருந்து எடுத்த கோப்பை, அதன் எண்களைக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து, எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கிறது என்று அட்டவணை போட வேண்டும். பிறகு ஜப்பானிய எழுத்துப் படங்களை அழித்துத் தம் மொழி எழுத்துகளை வரைய வேண்டும். ஜப்பானியத்தில் நான்கு கட்டத்தில் அடங்கும் சொல் ஆங்கிலத்தில் எட்டுக் கட்டம் கேட்கும். வசனத்தைச் சுருக்க வேண்டும், இல்லையேல் நிரலையே திருத்த வேண்டும். முடித்த பின் முழு விளையாட்டையும் தராமல், மாற்றங்களை மட்டும் தனிக் கோப்பாகத் தருவது இவர்கள் வழக்கம். பின்னாளில் கொனாமி நிறுவனத்தின் ‘வின்னிங் லெவன்’ கால்பந்து விளையாட்டின் ஜப்பானியப் பதிப்புகளுக்கும் இப்படியே ஆங்கிலம் வந்தது.

இந்தியாவில் சாமுராய், மீடியா போன்ற பெயர்களில் விற்ற ‘டிவி கேம்’ பெட்டிகள் ஜப்பானிய ஃபேமிகாமின் நகல்கள். அவற்றில் ஓடிய ‘கோல் 3’ கேசட், டெக்னோஸ் நிறுவனம் 1993இல் வெளியிட்ட, குனியோ என்ற கதைமாந்தரின் கால்பந்து விளையாட்டுதான். கள்ளப்பதிப்பாளர்கள் தலைப்பை மாற்றி விற்றார்கள். அதை ரசிகர் உழைப்போடு சேர்த்து எண்ணக் கூடாது.

ரசிகர்களின் இந்த மொழிமாற்றம் தமிழில் முடியுமா? முடியும். ஃபேமிகாம் திரையின் பின்னணிக்கு ஒரு நேரத்தில் 256 வகைக் கட்டங்கள். ஒவ்வொன்றும் எட்டுக்கு எட்டுப் புள்ளி. 247 எழுத்தையும் வரையத் தேவையில்லை. தட்டச்சுப் பொறியில் இருப்பதுபோல் கொம்பையும் காலையும் தனியே வைத்தால் போதும். 1978இன் எழுத்துச் சீர்திருத்தம் பழைய ணை, லை, னை வடிவங்களை நீக்கியதும் இங்கே உதவும். உண்மையான இடர் அகலம்தான்: ‘ண’வின் மூன்று சுழியும் எட்டுப் புள்ளிக்குள் தெளியாது, இரண்டு கட்டம் வேண்டும்.

பிள்ளைகளே, ஜப்பானியம் தெரிந்த ஒருவரும் புள்ளி புள்ளியாக எழுத்து வரையும் பொறுமையுள்ள ஒருவரும் சேர்ந்தால் வேலையைத் தொடங்கலாம். சுபாசாவைத் தமிழில் பேச வையுங்கள்.