தற்சார்பு ஆங்கிலக் கற்றலில் செயற்கை நுண்ணறிவு

தற்சார்பு ஆங்கிலக் கற்றலில் செயற்கை நுண்ணறிவு என்பது, ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகவோ அயல்மொழியாகவோ கற்போர், தாமாகவே பயில்வதற்கு உரையாடு மென்பொருள்கள், எழுத்துத் திருத்திகள், உச்சரிப்புச் செயலிகள் முதலியவற்றைப் பயன்படுத்துவதைக் குறிக்கும். இவற்றின் பயன் பற்றி ஆசிரியர்களிடையே இருவேறு கருத்துக்கள் நிலவுகின்றன.

பின்னணி

தற்சார்பு மொழிக் கற்றல் என்னும் கருத்து 1970களில் பிரான்சின் நான்சி பல்கலைக்கழக மொழி ஆய்வு மையத்தில் வளர்ச்சி பெற்றது. அம்மையத்தைச் சேர்ந்த ஆன்றி ஓலெக், 1981 இல் நூலாக வெளிவந்த தமது அறிக்கையில், தன் கற்றலுக்குத் தானே பொறுப்பேற்கும் திறன் என இதனை வரையறுத்தார். இலக்கை வகுத்தல், பாடப்பொருளையும் முறையையும் தெரிவு செய்தல், முன்னேற்றத்தைக் கண்காணித்தல், பயனை மதிப்பிடுதல் ஆகியன இத்திறனுள் அடங்கும். எனவே தனியே அமர்ந்து பயில்வது மட்டும் தற்சார்பு ஆகாது.

ஆசிரியர் கருத்துக்கள்

நவம்பர் 2022 இல் சாட்ஜிபிடி வெளியான பின் இவ்விவாதம் தீவிரமடைந்தது. பிரிட்டிஷ் கவுன்சில் 2023 இல் வெளியிட்ட ஆய்வறிக்கைக்காக 118 நாடுகள் மற்றும் பகுதிகளைச் சேர்ந்த 1348 ஆங்கில ஆசிரியர்களிடம் கருத்துக் கேட்கப்பட்டது.

ஆதரிப்போர், பிறர் முன் பேசக் கூசும் மாணவர் அச்சமின்றிப் பலமுறை பேசிப் பழகலாம் என்றும், மாணவர் மிகுந்த வகுப்புகளில் ஆசிரியரால் தர இயலாத உடனடித் திருத்தம் கிடைக்கிறது என்றும் கூறுவர். ஐயுறுவோர், கருவி தானே திருத்திவிடுவதால் மாணவர் தம் பிழையை உணர்வதில்லை என்பர். எடுத்துக்காட்டாக, "ஐ ஆம் நோயிங் ஹிம்" என எழுதியதைக் கருவி "ஐ நோ ஹிம்" என மாற்றித் தரலாம். காரணத்தை வினவாத மாணவர் அதே பிழையை மீண்டும் செய்வார். பிழையான விளக்கத்தையும் கருவிகள் உறுதியான தொனியில் தருவதுண்டு. தொடக்கநிலை மாணவரால் அதனை இனங்காண்பது கடினம்.

கண்டறியும் மென்பொருள்கள்

கட்டுரையை எழுதியது மாணவரா கருவியா எனக் கண்டறியும் மென்பொருள்கள் நம்பத்தக்கனவாக இல்லை. இசுட்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023 இல் ஆங்கிலம் தாய்மொழியல்லாதோர் எழுதிய 91 டோஃபல் கட்டுரைகளை இத்தகைய ஏழு மென்பொருள்களைக் கொண்டு சோதித்தனர். சராசரியாக 61 விழுக்காட்டிற்கும் மேற்பட்டவை கருவி எழுதியவை எனத் தவறாகக் காட்டப்பட்டன. எளிய சொற்களும் எதிர்பார்க்கத்தக்க தொடரமைப்பும் இதற்குக் காரணமாகும். இதனால் சொந்தமாக முயன்று எழுதிய மாணவரும் குற்றச்சாட்டுக்கு உள்ளாக நேரிடும்.

வகுப்பறை நடைமுறைகள்

முதல் வரைவைக் கருவியின்றி எழுதச் செய்தல், திருத்தத்திற்குப் பதிலாகக் குறிப்பு மட்டும் தருமாறு கருவியைக் கேட்கப் பழக்குதல், ஏற்ற திருத்தங்களுக்கான காரணத்தை மாணவரே எழுதி வைத்தல் ஆகியன கையாளத்தக்க முறைகளாகும். இவற்றில் முடிவெடுக்கும் பொறுப்பு கற்பவரிடமே இருக்கும்.