இருமாவும் கடைசி பிட்டும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் தூசி படிஞ்சு கிடந்துச்சு. வேப்பம்பட்டுல லோக்கல் ட்ரெயின் ஏறினா பட்டரவாக்கம் வர்ற வரைக்கும் யோசிக்கிறதுக்கு நிறைய நேரம் கிடைக்குது. போன வாரம் முழுக்க யோசிச்சது ஒரே ஒரு விஷயம்தான்: "ஒரே கணக்கை ரெண்டு மெஷின் போட்டா, ஏன் ரெண்டு விடை வருது?"

கதை இதுதான். ஆபீஸ்ல ஒரு அளவீட்டு மென்பொருளைப் பழைய எக்ஸ்86 சர்வர்ல இருந்து புதுசா வந்த ஆர்ம் சர்வருக்கு மாத்தினோம். பழைய மெஷின்ல பாஸ் ஆன ஒரு சாம்பிள், புதுசுல ஃபெயில். மாத்தினது டீமுக்குப் புதுசா வந்த ஒரு தம்பி. நான் கோடைப் பார்க்காமலேயே "நீ எங்கயோ கை வச்சிருக்க, பாரு"ன்னு மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். அவன் "இல்லண்ணா, ஒரு வரி கூட மாத்தலண்ணா"ன்னு மெதுவா சொன்னான். ரெண்டு நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது, அவன் சொன்னது நிஜம். அதுல இருந்து தோண்ட ஆரம்பிச்சதுதான் இந்த வரலாறு.

முதல்ல நம்ம ஊர்க் கணக்கு. தாத்தா வீட்டுப் பரண்ல ஒரு பழைய எண்சுவடி இருக்கு. கால், அரைக்கால் (1/8), மாகாணி (1/16) ஒரு பக்கம். மா (1/20), காணி (1/80), முந்திரி (1/320) இன்னொரு பக்கம். முந்திரிக்கும் கீழ போகணும்னா நம்மாளுங்க புதுப் பேரு தேடலை. அதே பேருக்கு முன்னாடி 'கீழ்' சேர்த்துட்டாங்க. கீழ் அரைன்னா அரையில 320ல ஒரு பங்கு, அதாவது 1/640. கீழ் முந்திரி 1/1,02,400. எண்ணு அதேதான், அளவுகோல் மட்டும் இறங்குது. கம்ப்யூட்டர்ல ஃப்ளோட்டிங் பாயிண்ட்டோட அடிப்படை யோசனையும் இதேதான்: கொஞ்சம் இலக்கம், கூடவே எந்த அளவுகோல்ங்கிற குறிப்பு.

இப்போ வேடிக்கை. பத்துல ஒண்ணு தமிழ்ல 'இருமா'. ரெண்டு மா, அவ்வளவுதான், மிச்சமே கிடையாது. ஆனா இரண்டடிமான எண்ல 0.1 முடியவே முடியாது, 0.000110011ன்னு 0011 திரும்பத் திரும்ப வந்துகிட்டே இருக்கும். மெஷின் எங்கயாவது வெட்டித்தான் ஆகணும். கால், அரைக்கால், மாகாணி எல்லாம் மெஷினுக்குச் சுத்தமா வரும். மா குடும்பம் வராது. 20க்குள்ள ஒரு 5 ஒளிஞ்சிருக்கே, அதுதான் காரணம். (நம்மாளுங்களுக்கும் மூணுல ஒரு பங்கு சுத்தமா வராது. ரொம்ப மார் தட்ட வேண்டாம் :-))

எங்க வெட்டுறதுங்கிறதுலதான் சண்டையே. ஆரம்பத்துல ஒவ்வொரு கம்பெனியும் தனக்குத் தோணின இடத்துல வெட்டுச்சு. 1964ல அறிவிச்ச ஐபிஎம் 360, பதினாறடிமானத்துல கணக்கு போட்டுச்சு. அதனால எண்ணைப் பொறுத்துத் துல்லியம் மூணு பிட் வரைக்கும் ஏறி இறங்கும். டபுள் ப்ரிசிஷன்ல காவல் இலக்கம் ஒண்ணை விட்டுட்டாங்க. கணக்கு பிசகுதுன்னு பயனர்கள் கத்தவும், வித்த மெஷின்களையே திரும்பத் திருத்த வேண்டியதாப் போச்சு.

அந்தக் குடும்பம் நம்ம பக்கமும் வந்துச்சு. சென்னை ஐஐடிக்கு 1973ல ஐபிஎம் 370/155. அதுக்கு முன்னாடியே பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துல 360/44. இந்த 44ல ஒரு அழகான விஷயம் உண்டு. முன் பலகையில ஒரு திருகு குமிழ். அதைத் திருப்பினா டபுள் ப்ரிசிஷன்ல எத்தனை பதினாறடிமான இலக்கம் வேணும்னு 8, 10, 12, 14ன்னு மாத்தலாம். குறைச்சா வேகம் கூடும். அதைவிட முக்கியம், அதே ப்ரோகிராமை ரெண்டு நிலையில ஓட்டிப் பார்த்தா, விடையில எத்தனை இலக்கத்தை நம்பலாம்னு உடனே புரிஞ்சுடும். இன்னைக்கு நம்ம லேப்டாப்ல அப்படி ஒரு குமிழ் இருந்தா எத்தனை பேரு தூக்கம் கெடும்னு நினைச்சுப் பாருங்க.

அடுத்தது பருவமழை. 1980களோட கடைசியில, டெல்லியில வானிலை முன்கணிப்புக்காகக் க்ரே எக்ஸ்-எம்பி/14 வந்துச்சு. இதைவிடப் பெரிய க்ரேயை அமெரிக்கா தர மறுத்த கதையும், அதுக்குப் பதிலா 1991ல பரம் 8000 பொறந்த கதையும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அதுக்கும் முன்னாடி, 1986லயே பெங்களூர் என்.ஏ.எல். ஆய்வகத்துல 'ஃப்ளோசால்வர்'னு ஒரு இணைக் கணினியைக் கட்டிட்டாங்க. உள்ள இருந்தது இன்டெல் 8086, பக்கத்துலயே 8087 கணக்குச் சில்லு. 1990கள்ல, இன்டெல் ஐ860 வச்ச அடுத்த ஃப்ளோசால்வர்ல, டெல்லி க்ரேயில ஓடின டி-80 வானிலை மாடலையே ஓட்டினாங்க.

இங்கதான் நம்ம தலைப்பு வருது. க்ரே 64 பிட்டுல 48 பிட்டை மட்டும் இலக்கத்துக்கு வைக்கும். கழித்தல்ல காவல் பிட் கிடையாது. வகுத்தலை நேரடியாப் போடாம, தலைகீழ் எண்ணைத் தோராயமாக் கண்டுபிடிச்சுப் பெருக்கும். ஐ860ல ஐ-ட்ரிபிள்-ஈ முறை, 53 பிட். அதே சமன்பாடு, அதே ஃபோர்ட்ரான், ஆனா முதல் படியிலேயே கடைசி பிட்டுகள் வேற.

கடைசி பிட்டுதானேன்னு விட முடியாது. 1961ல எட்வர்ட் லோரன்ஸ் தன்னோட குட்டி வானிலை மாடல்ல 0.506127க்குப் பதிலா பிரிண்ட்ல இருந்த 0.506ஐப் போட்டு ஓட்டினாரு. கொஞ்ச நேரத்துல வானிலையே வேறயாப் போச்சு. அப்போ, புது மெஷின்ல வர்ற மழை வேற மாதிரி இருந்தா அது ப்ரோகிராம் தப்பா, இல்ல வெறும் கடைசி பிட்டோட வேலையா? இதைப் பிரிச்சுப் பார்க்கிறதுதான் போர்ட் பண்றவனோட உண்மையான வேலை. முதல் படி வித்தியாசம் வெட்டுப்பிழை அளவுல இருக்கா, அதுக்கப்புறம் ஒரு சின்னப் பிழை வளர்ற வேகத்துலதான் வளருதான்னு பார்க்கணும். நான் அந்தத் தம்பி விஷயத்துல பார்க்காம விட்டது இதைத்தான்.

இந்தக் கூத்துக்கு முடிவு கட்டினதுல பெரிய பங்கு பெர்க்லி பேராசிரியர் வில்லியம் காஹனோடது. 1980ல வந்த 8087க்கு ஆலோசனை சொன்னவரு அவரு. அதே வடிவத்தைத் தரமா வைக்கணும்னு போராடினாரு. தன்னோட வேக்ஸ் முறைதான் வேணும்னு டெக் கம்பெனி எதிர்த்துச்சு. ரொம்பச் சின்ன எண்ணை டக்குனு பூஜ்யம் ஆக்காம படிப்படியா இறக்குறது நல்லதாங்கிறதுதான் பெரிய சண்டை. டெக் தானே ஒரு நிபுணரை வச்சு ஆராயச் சொல்லுச்சு. அவரு காஹன் பக்கம்தான் சரின்னு சொல்லிட்டாரு! 1985ல ஐ-ட்ரிபிள்-ஈ 754 வந்துச்சு. 1989ல காஹனுக்கு டூரிங் விருது.

அத்தோட சுபமா? இல்லை. 1991 பிப்ரவரி 25, சவூதியின் தஹ்ரான். ஒரு பேட்ரியட் ஏவுகணை அமைப்பு நேரத்தைப் பத்துல ஒரு வினாடியா எண்ணிகிட்டு இருந்துச்சு. ஆமா, நம்ம இருமாதான். 24 பிட் ரெஜிஸ்டர்ல அதை வெட்டினதுல, 100 மணி நேரம் ஓடினதும் 0.34 வினாடி பிசகு. ஸ்கட் ஏவுகணை அதுக்குள்ள அரை கிலோமீட்டருக்கு மேல போயிடும். 28 வீரர்கள் இறந்தாங்க. இதுல கொடுமை என்னன்னா, துல்லியமான நேர மாற்றத்தைப் புதுசா எழுதி, அதைச் சில இடத்துல மட்டும் போட்டிருந்தாங்க. எல்லா இடத்துலயும் பழைய தப்பே இருந்திருந்தாக் கூட ஒண்ணுக்கொண்ணு கழிஞ்சு போயிருக்கும். ஒரே சிஸ்டத்துக்குள்ள ரெண்டு 'பத்துல ஒண்ணு' இருந்ததுதான் வினை.

8087 வழி வந்த சில்லுகள் உள்ளுக்குள்ள 80 பிட்டுல கணக்கு போடும், வெளிய வைக்கும்போது 64க்கு வெட்டும். எங்க வெட்டுறதுன்னு கம்பைலர் முடிவு பண்ணும். எங்க ஓட்டினாலும் ஒரே விடைன்னு கிளம்பின ஜாவாவே இதுக்காக 1998ல 'ஸ்ட்ரிக்ட்எஃப்பி'ன்னு தனிச் சொல் கொண்டு வந்துச்சு. எல்லாக் கணக்கும் திரும்ப ஸ்ட்ரிக்ட்டுன்னு ஆனது 2021ல, ஜாவா 17ல.

இப்போ நம்ம ஆபீஸ் கதை. ஆர்ம்ல பெருக்கலையும் கூட்டலையும் ஒரே மூச்சுல செஞ்சு ஒரே தடவை வெட்டுற கட்டளை உண்டு. 1990 ஐபிஎம் ஆர்எஸ்/6000லயே வந்தது, 2008ல தரத்துலயும் சேர்ந்துடுச்சு. மூணு இலக்கம்தான்னு வச்சுக்கங்க. 1.23 × 1.23 = 1.5129. வெட்டினா 1.51. அதுல 1.51 கழிச்சா பூஜ்யம். நடுவுல வெட்டாம கழிச்சா 0.0029. எங்க கோடுல "வித்தியாசம் பூஜ்யமா?"ன்னு ஒரு வரி இருந்துச்சு. பழைய சர்வர்ல ஆமா, புதுசுல இல்லை. கம்பைலர் ரெண்டையும் தானாவே இணைச்சிருந்துச்சு. அப்படி இணைக்காதேன்னு ஒரு ஆப்ஷன் கொடுத்ததும் ரெண்டு மெஷினும் ஒத்துப் போச்சு. ஆனா உண்மையான தப்பு அந்த வரிதான். ஃப்ளோட்டிங் பாயிண்ட்டைப் பூஜ்யத்தோட நேரா ஒப்பிட்டது. அதை நாலு வருஷத்துக்கு முன்னாடி எழுதினது யாருன்னு பழைய வெர்ஷனைப் புரட்டினேன்.

நான்தான்.

தம்பிகிட்ட அடுத்த மீட்டிங்லயே, எல்லார் முன்னாடியும், சாரி சொன்னேன். "பரவால்லண்ணா"ன்னு சிரிச்சான். அந்த வரியைத் திருத்தினதும் அவன்தான்.

டிஸ்கி: ரூபாய்க் கணக்கை ஃப்ளோட்ல வைக்காதீங்க, பைசாவா முழு எண்ல வைங்க. உங்க வீட்டுப் பரண்லயும் எண்சுவடி இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்போம், பூஜ்யம் வருதான்னு :-)