தாழ்த்திய காரில் டயரின் உள்பக்கம் மட்டும் தேய்வது ஏன்?

சென்னையிலிருந்து சித்தூர் வழியா பெங்களூரு போறீங்களா? பங்காருபாளையம் தாண்டினதும் மொகிலி மலைப்பாதை, வளைவும் ஏற்றமும்தான். ஸ்பிரிங் மாற்றித் தாழ்த்திய கார்னா, கிளம்பும் முன் ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சு, டார்ச் அடிச்சு முன் டயரின் உள்விளிம்பைப் பாருங்க. வெளிப்பக்கம் புதுசு மாதிரி இருக்கும். உள்ளே கம்பி தெரியலாம். அந்த டயர் வேகத்தில் வெடிக்கும்.

காரைத் தாழ்த்தும்போது சக்கரத்தின் மேல்பகுதி உள்ளே சாய்கிறது. இதுதான் நெகட்டிவ் கேம்பர். கூடவே டோவும், அதாவது சக்கரங்கள் நேரே பார்க்கும் கோணமும் மாறுகிறது. எல்லாரும் கேம்பரைத் திட்டுவாங்க. டயரை வேகமாத் தின்பது பெரும்பாலும் டோதான். உருளும்போதே சக்கரம் பக்கவாட்டில் உரசுகிறது.

‘அலைன்மென்ட் ஓகே’ன்னு சொன்னா போதாது, பிரிண்ட் கேளுங்க. பல சின்ன கார்களில் முன்பக்கம் டோ மட்டுமே திருத்த முடியும். கேம்பர் எண் சிவப்பிலேயே நின்றால், தனியா கேம்பர் போல்ட் போடணும். புது ஸ்பிரிங் சில நூறு கிலோமீட்டரில் இன்னும் கொஞ்சம் படியும். அப்புறம் மறுபடி அளக்கணும்.

டயர் பள்ளத்தின் ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறைந்தால் மாற்றியாகணும். அளவை உள்விளிம்பிலும் எடுங்க. முன்பின் டயரை மாற்றிப்போடுவது தேய்மானத்தைப் பங்கிடும், கோணத்தைத் திருத்தாது.