சென்னை மாகாண வகுப்புவாரி ஆணையும் அதன்மீது எழுந்த மறுப்புகளும்

அரசு அலுவலகங்களில் பல வகுப்பினரும் இடம்பெறுதல் வேண்டும் என்னும் கொள்கை, சென்னை மாகாணத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஆணை வடிவம் பெற்றது. அக்கொள்கையின் வரலாற்றை எழுதினோர் பலர். அதன்மீது எழுந்த மறுப்புகளை வகைப்படுத்தி, அவற்றுள் எது ஆணையின் வடிவத்தையே மாற்றிற்று என ஆராய்தல் ஈண்டு நம் நோக்கமாகும்.

1854-இல் வருவாய் வாரியம் பிறப்பித்த 128-ஆம் நிலையாணை, மாவட்டப் பதவிகள் செல்வாக்குடைய சில குடும்பங்களின் தனியுடைமை ஆகாவண்ணம் காக்குமாறும், முதன்மையான பதவிகளைப் பல சாதியார்க்கும் பகிர்ந்தளிக்க முயலுமாறும் ஆட்சியர்களைப் பணித்தது. ஆயினும் அவ்வாணை பெரும்பாலும் ஏட்டளவிலேயே நின்றது. மக்கள்தொகையில் நூற்றுக்கு மூவர் அளவினரான பிராமணர், 1912-இல் துணை ஆட்சியர் பதவிகளுள் நூற்றுக்கு 55-உம், மாவட்ட முன்சீப் பதவிகளுள் நூற்றுக்கு 72.6-உம் வகித்தனர். ஆங்கிலக் கல்வியை அவர்கள் முந்திப் பெற்றமை இதற்குத் தலையாய காரணமாகும்.

1916-இல் தோன்றிய தென்னிந்திய நல உரிமைச் சங்கம் இந்நிலையை அரசியல் வினாவாக்கிற்று. நீதிக்கட்சி எனப் பெயர்பெற்ற அச்சங்கத்தின் ஆட்சியில், 1921 செப்டம்பர் 16-ஆம் நாள் 613-ஆம் எண்ணுள்ள வகுப்புவாரி ஆணை பிறந்தது. பழைய நிலையாணையின் கொள்கை எல்லாத் துறைகளுக்கும் விரிக்கப்பெற்றது. பணியமர்த்தப் பெற்றோரின் வகுப்புக் கணக்கினை ஆறு திங்களுக்கு ஒருமுறை அனுப்புமாறு துறைத் தலைவர்கள் பணிக்கப்பட்டனர்.

இவ்வாணை எதிர்கொண்ட மறுப்புகளை மூவகைப்படுத்தலாம்.

முதலாவது, திறமை பற்றியது. பதவிக்குத் தகுதியே அளவாதல் வேண்டும், பிறப்பு அளவாதல் கூடாது என்பர் இக்கருத்தினர். இம்மறுப்பினை எளிதில் தள்ளிவிடுதல் முறையன்று. தேர்வில் உயர்ந்த மதிப்பெண் பெற்றும் இடம் இழந்த ஓர் இளைஞன், முன்னோர் பெற்ற நலனுக்குத் தான் விலை கொடுப்பதாகக் கருதுதல் இயல்பே. ஆனால் 1912-ஆம் ஆண்டு நிலையும் திறமை ஒன்றனால் மட்டும் விளைந்ததன்று. கல்விக்கூடத்தின் வாயில் யாவர்க்கும் ஒருசேரத் திறந்திராத நாட்டில், தேர்வு அளந்தது திறமையை மட்டுமன்று, வாய்ப்பையுங் கூட. சாதியை ஒழிக்க விழைவோர் அதனையே பதிவேட்டில் எழுதலாமோ என்னும் வினாவும் இதனோடு எழுந்தது. எழுதாதிருந்த காலத்தும் சாதி இயங்கிற்று. எழுதிய பின்னரே அதன் இயக்கம் கண்ணுக்குப் புலனாயிற்று என்பது நம் கருத்து.

இரண்டாவது, ஆணையின் வலுவின்மை பற்றியது. 1921-ஆம் ஆண்டு ஆணை கணக்குக் கேட்டதேயன்றிப் பங்கினை வரையறுத்துக் கட்டாயப்படுத்தவில்லை. இக்குறை 1927-இல் வகுக்கப்பெற்றுச் சு. முத்தையா முதலியார் அமைச்சராயிருந்த 1928-இல் நடைமுறைக்கு வந்த சுழற்சிமுறையால் நீங்கிற்று. அதன்படி பன்னிரண்டு இடங்களுள் பிராமணரல்லாத இந்துக்கள் 5, பிராமணர் 2, முகம்மதியர் 2, ஆங்கிலோ இந்தியரும் கிறித்தவரும் 2, ஒடுக்கப்பட்ட வகுப்பார் 1 எனப் பங்கு பெற்றனர்.

மூன்றாவது மறுப்பு, ஆணையை எதிர்த்தோரிடமிருந்து வந்ததன்று. அதனால் பயன்பெற வேண்டியோரே எழுப்பியது. நாம் இதனையே தலையாயதாகக் கொள்கிறோம். 1921-ஆம் ஆண்டுக் கணக்குப் படிவத்தில் ஒடுக்கப்பட்ட வகுப்பார்க்கெனத் தனித் தலைப்பில்லை. அவர்கள் ‘பிறர்’ என்பதனுள் அடங்கினர். ‘பிராமணரல்லாதார்’ என்பதும் எதிர்மறைப் பெயரே. ஒரு கூட்டத்தார் யாவர் அல்லர் என்பதை அப்பெயர் உணர்த்துமேயன்றி, அவர் யாவர் என்பதை உணர்த்தாது. நிலக்கிழாரும் உழவுக் கூலியும் அப்பெயருள் ஒன்றாயினர். பதவிகளோ முன்னரே கற்றார்க்குச் சென்றன. ஒடுக்கப்பட்டோரின் தலைவர் எம். சி. ராஜா, தம் மக்கள் புறக்கணிக்கப்படுவதாகக் கூறி 1923-இல் நீதிக்கட்சியினின்றும் விலகினார். 1930களில் பிற்பட்ட வகுப்பினரும் அமைப்பாகத் திரண்டு தனிப்பங்கு வேண்டினர்.

இக்குரலின் பயனை 1947 நவம்பர் ஆணையிற் காணலாம். பதினான்கு இடங்களுள் பிராமணரல்லாத இந்துக்கட்கு 6, பிற்பட்ட இந்துக்கட்குத் தனியே 2, அரிசனர்க்கு 2, பிராமணர்க்கு 2, முகம்மதியர்க்கு 1, ஆங்கிலோ இந்தியர் உள்ளிட்ட கிறித்தவர்க்கு 1 எனப் பங்கீடு மாறிற்று.

இம்மாற்றத்தின் அருமை 1951-இல் விளங்கிற்று. 83 மாவட்ட முன்சீப் பதவிகள் பற்றி வேங்கடரமணா தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் ஏப்ரல் 9-ஆம் நாள் தீர்ப்பளித்தது. அரிசனர்க்கும் பிற்பட்ட இந்துக்கட்கும் ஒதுக்கிய இடங்கள் அரசியலமைப்பின் 16 (4)-ஆம் விதிக்கு ஏற்புடையன. ஏனைப் பங்கீடு செல்லாது என்பது தீர்ப்பின் சாரம். மறுப்புக்கு ஆட்பட்டுத் திருந்திய பகுதியே நிலைத்தது. பொதுப்பெயரால் வகுத்த பகுதி வீழ்ந்தது. கல்லூரி இடங்கள் பற்றிய செண்பகம் துரைராசன் வழக்கின் தீர்ப்பும் அந்நாளிலேயே வந்தது. அதன் விளைவாக அவ்வாண்டிலேயே அரசியலமைப்பு முதன்முறை திருத்தப்பெற்றது.

பின்னை வரலாறும் இவ்வழியே சென்றது. 1989-இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோர்க்கு நூற்றுக்கு 20 இடங்கள் பிரிக்கப்பட்டன. 2009-இல் ஆதிதிராவிடர் பங்கினுள் அருந்ததியர்க்கு 3 இடங்கள் ஒதுக்கப்பட்டன. இத்தகைய உட்பிரிவு செல்லும் என உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டு 1-ஆம் நாள் தீர்ப்பளித்தது.

இவற்றால் ஓர் உண்மை பெறப்படும். பன்முகப் பங்கீட்டை முற்றும் மறுத்தோர் அதனை நிறுத்த இயலவில்லை. முற்றும் போற்றினோர் அதனைத் திருத்தவில்லை. கணக்கில் தமக்கு இடமில்லையே என முறையிட்டோரே அதனைச் செப்பம் செய்தனர். எனவே, இத்தகைய திட்டம் எதனையும் ஆராயப் புகுவார், அது எத்துணைப் பேரைச் சேர்த்தது என்பதோடு, எவரைப் ‘பிறர்’ என்னும் தலைப்பின்கீழ் விட்டது என்பதனையும் நோக்குதல் கடனாகும்.