கலப்படமா, கண்டுபிடிப்பா?

சிமெண்டில் சாம்பல் கலக்கிறார்கள் என்றால் நம்மவர்கள் முகம் சுளிக்கிறார்கள். பாலில் தண்ணீர் ஊற்றுகிற கதைதானே என்கிறார்கள். இந்தச் சந்தேகம் புதிதல்ல. ஜெர்மனியில் நூறாண்டுகளுக்கு முன்பே இதற்காகப் பெரும் சண்டை நடந்திருக்கிறது.

இரும்பு உருக்கும் உலையில் கசடு மிஞ்சும். கொதிக்கும் கசடை நீரில் விட்டுச் சட்டென்று குளிர்வித்தால் கண்ணாடி போன்ற குருணையாகும். அது சுண்ணாம்போடு சேர்ந்து சிமெண்டு போலவே இறுகும் என்பதை 1862-இல் எமில் லாங்கன் கண்டறிந்தார். பிறகு சிலர் அதை அரைத்துப் போர்ட்லாண்ட் சிமெண்டில் கலக்கத் தொடங்கினார்கள். வந்ததே கோபம்! அயற்பொருள் கலந்ததைப் போர்ட்லாண்ட் சிமெண்டு என்றே சொல்லக் கூடாது என்று 1880-களில் உற்பத்தியாளர் சங்கம் உறுதியாக நின்றது. வியாபாரப் போட்டி அதில் இல்லாமல் இருக்குமா? ஆனாலும் நியாயம் இருந்தது. சொல்லாமல் கலந்தால், வாங்குகிறவர் எதை நம்பிச் சுவர் எழுப்புவார்?

பல ஆண்டுச் சோதனைகளுக்குப் பின், 30 விழுக்காடு வரை கசடு சேர்ந்த சிமெண்டுக்கு 1909-இலும், 85 விழுக்காடு வரை சேர்ந்ததற்கு 1917-இலும் தனிப் பெயரும் தரவிதியும் கிடைத்தன.

அன்று யாரும் கரியமில வாயுவை நினைக்கவில்லை. சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக் கல்லைச் சுடும்போது கல்லிலிருந்தே அந்த வாயு வெளியேறுகிறது. எரிபொருளை மாற்றினாலும் இது நிற்காது. சுடுகிற கல்லைக் குறைத்தால்தான் குறையும். மாற்றுப் பொருளுக்கு இன்றுள்ள மதிப்பு இதனால் வந்தது.

இந்தியாவில் இந்த விவகாரம் வேறு வாசல் வழியாக நுழைந்தது. அங்கே தலைவலி அனல்மின் நிலையச் சாம்பல். 1999 செப்டம்பரில் மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. மின் நிலையத்திலிருந்து 50 கிலோமீட்டருக்குள் உள்ள செங்கல் சூளைகள் குறைந்தது 25 விழுக்காடு சாம்பல் சேர்க்க வேண்டும். மின் நிலையங்கள் சாம்பலை இலவசமாகத் தர வேண்டும். 2003-இல் அந்தத் தூரம் 100 கிலோமீட்டராகவும் 2016-இல் 300 ஆகவும் விரிந்தது. பயன்படாமல் கிடக்கும் சாம்பலுக்கு டன்னுக்கு 1,000 ரூபாய் இழப்பீடு என்று 2021 டிசம்பரில் விதி வந்தது. சிமெண்டிலோ 15 முதல் 35 விழுக்காடு வரை சாம்பல் சேர்க்கத் தரவிதி இடம் தருகிறது. இந்தச் சிமெண்டு மெதுவாகத்தான் வலுப்பெறும். கூடுதல் நாட்கள் ஈரம் காக்க வேண்டும். அவசரக்காரர்களுக்கு அது ஒத்துவராது.

பலன் உண்டா? 1996-97-இல் பத்தில் ஒரு பங்குகூடப் பயன்படாத சாம்பல், 2021-22-இல் 95 விழுக்காட்டுக்கு மேல் பயன்பட்டதாக அரசுக் கணக்கு சொல்கிறது. ஆனால் பழைய சுரங்கக் குழிகளிலும் தாழ்வான நிலங்களிலும் நிரப்பிய சாம்பலும் அந்தக் கணக்கில்தான் சேர்கிறது. சிமெண்டுக்குள் போனதையும் குழிக்குள் போனதையும் ஒரே வரியில் எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. சென்னைக்கு வடக்கே எண்ணூரில் சாம்பல் குழாய்கள் கசிந்து கசிந்து, மீனவர்கள் வலைவீசும் கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் சாம்பல் படிந்து கிடக்கிறது.